தோஷியும் எங்கள் தாமான் வீடுகளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் பார்க்கும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கு மறுபடியும் பிளான் வரைவது. பின்பக்கம் ஒரு சமையலறை, முன்பக்கம் காருக்கு ஒரு கூரை, மகனுக்குக் கல்யாணம் என்றால் கூடுதலாக ஓர் அறை. கடைவீட்டு மாடியில் சின்ன அலுவலகம். படியேறி வருகிறவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, ரப்பர்ப் பால் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்தவர்கள். இல்லையென்றால் அவர்களுடைய பிள்ளைகள். சாவி வாங்கியபோது இருந்த அதே வீட்டில் அப்படியே குடியிருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலில் இதை ஒரு குறையாகத்தான் பேசுவார்கள். வரிசையின் அழகே போச்சு, ஆளுக்கொரு கூரை, ஆளுக்கொரு சாயம் என்று. நான் அப்படி நினைக்காமல் இருப்பதற்குக் காரணம், நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு மனிதர். இந்தியாவின் அகமதாபாத்தில் வாழ்ந்து, 2023 ஜனவரியில் தமது 95ஆவது வயதில் மறைந்த கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய நகல் ஒன்றை வைத்திருந்தார். இந்தூருக்கு வெளியே தோஷி அமைத்த ஆரண்யா குடியிருப்பின் மனைப் படம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இதுல வீடு எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்" என்றார். தேடினேன். தெரு இருந்தது. நாலு தெரு கூடும் இடத்தில் சின்னத் திடல் இருந்தது. வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை. அவ்வளவுதான். "வீடே இல்லைங்களே ஐயா" என்றேன். "மிச்சத்தை அவங்க கட்டிக்குவாங்க" என்றார்.

அந்தப் பதில் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. கட்டடக் கலைஞர் என்றால் கடைசி ஆணிவரைக்கும் அவரே தீர்மானிப்பவர் என்றுதான் கல்லூரியில் படித்திருந்தேன். ஆரண்யா 1989இல் உருவானது. சுமார் 6,500 மனைகள், 80,000 பேருக்கு மேல் குடியிருக்கும் அளவு. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர்தான். தோஷியின் அலுவலகம் எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. பிறகு ஒதுங்கிக்கொண்டது. கையில் காசு சேர்ந்தபோது ஒரு குடும்பம் ஓர் அறை போட்டது. இன்னொரு குடும்பம் வெளிப்படி வைத்து மாடி எழுப்பியது. வேறொருவர் முன்னறையைக் கடையாக்கினார். நெடுஞ்சாலைப் பக்கத்து மனைகளை வசதியுள்ளவர்களுக்கு விற்று, அந்தப் பணம் ஏழைகளின் மனைகளுக்குக் கைகொடுக்கும்படி கணக்குப் போட்டிருந்தார்கள். 1995இல் அதற்குக் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

இது எங்கிருந்து அவருக்கு வந்தது என்று தேடிப் படித்தபோது, அவருடைய பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தேன். 1927இல் பூனாவில் மரச்சாமான் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். கூட்டுக்குடும்பம். ஆட்கள் கூடக்கூட அந்த வீடும் ஒவ்வோர் அறையாக, ஒவ்வொரு மாடியாக வளர்ந்ததாம். அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, கட்டி முடிந்த வீடு என்ற ஒன்று இருக்க முடியும் என்ற எண்ணமே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் பம்பாய், லண்டன், பாரிஸ். பாரிஸில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கோர்புசியரின் அலுவலகத்தில் 1951 முதல் வேலை பார்த்தார். ஆரம்ப மாதங்களில் சம்பளம்கூட இல்லை. 1954இல் அகமதாபாத்துக்கு வந்து, கோர்புசியர் அங்கே வரைந்த கட்டடங்களைக் கூட இருந்து கட்டி முடித்தார். மில் முதலாளிகள் சங்கக் கட்டடம், சாராபாய் வீடு, ஷோதன் வீடு எல்லாம் அந்தக் காலத்தவை. பிறகு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் அதே ஊரில் இந்திய மேலாண்மைக் கழகத்தை வரைந்தபோது, அவருக்கும் தோள் கொடுத்தார். இன்னொருவர் தாளில் போட்ட கோட்டை வெயிலில் நின்று செங்கல்லாக்குகிற வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது சைட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். தோஷியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெயர் தமக்கு வராத வேலையை அவர் வருடக்கணக்கில் முழு மனதோடு செய்திருக்கிறார்.

2018இல், 90 வயதில், கட்டடக் கலையின் மிக உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர். அப்போதும் இந்தப் பரிசுக்காகத் தம் குரு லெ கோர்புசியருக்குக் கடன்பட்டிருப்பதாகத்தான் சொன்னார். குரு இறந்து அதற்குள் 50 வருடத்துக்கு மேலாகிவிட்டது.

சரி, இந்தூர் எங்கே, சுங்கை சிப்புட் எங்கே? சொல்கிறேன்.

என் அம்மா பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், முன்னால் வரிசை நெடுக ஓடும் திண்ணை. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் அதன் வழியாகத்தான் போவார்கள். மாலையில் அரிசி புடைப்பது, பேன் பார்ப்பது, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். உள்ளே இருந்தது தூங்கவும் சமைக்கவும் மட்டும். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1966இல் ஒரு சட்டம் வந்தது, 1990இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. இரண்டும் தேவைதான், அந்தச் சட்டங்கள் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் அறையை அளக்கலாம், குழாயை எண்ணலாம். திண்ணையில் நடந்ததை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

லயத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். வயதாகி ஓய்வு பெற்றாலும் அதே கதைதான், வீட்டில் இன்னொருவர் அங்கே வேலையில் இருந்தால் தவிர. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்ததைப் பார்த்துத்தான், இந்த ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது என்பது அன்றைக்குச் சின்ன யோசனை இல்லை.

தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வீட்டில் குடியிருந்த ஒரு குடும்பத்துக்கு முதன்முதலாகத் தன் பெயரில் கிராண்ட், அதாவது நிலப்பட்டா வருகிறது. அவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? சுவரை இடிப்பார்கள்; கட்டுவார்கள். என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு நீட்டிப்பு பிளானும் அந்தக் குடும்பம் தன் இஷ்டப்படி கட்டுகிற முதல் கட்டடம். அதை அழகுக் கேடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அகமதாபாத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்களுக்காக 1973இல் தோஷி கட்டிய குடியிருப்பைப் பாருங்கள். கீழ்த்தள வீடு பெரியது, மேலே போகப்போகச் சின்னது, அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மொட்டைமாடி மிச்சம். ஐம்பது வருடமாக அங்கே குடும்பங்கள் மாடியை அறையாக்கி, பால்கனியை மூடி, தூணுக்குச் சாயம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அவர் அந்த மாற்றங்களை வரவேற்றுத்தான் பேசினார். மாற்றத்துக்கு இடம் விட்டு வரைந்தவருக்கு மாற்றத்தைக் கண்டு கோபம் வராது. இங்கே எங்கள் தாமான்களை வரைந்தவர்கள் அப்படி இடம் விடவில்லை. வித்தியாசம் அதில்தான்.

இடம் விடாததால் என்ன ஆகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஒருநாள் ஒரு பாட்டி மகளோடு வந்தார். பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். மகள் பெரிய குசினி வேண்டும், கேபினெட் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டி பிளானையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இந்த வீட்டுல நான் செத்தா எங்க கிடத்துவீங்க?" என்று கேட்டார். மகள் பதறிப்போனாள். எனக்கு அது நியாயமான கேள்வியாகப்பட்டது. ஹாலில் சோபாவும் தொலைக்காட்சி அலமாரியும் போட்டபின் மிச்சமிருந்த இடத்தில் பெட்டி வைத்தால் நாலு பேர் சுற்றி நிற்க முடியாது. லயமாக இருந்திருந்தால் திண்ணையில் வைத்திருப்பார்கள், வரிசையே வந்து உட்கார்ந்திருக்கும். ஹாலின் முன்சுவரில் இருந்த ஜன்னலையும் ஒற்றைக் கதவையும் எடுத்துவிட்டு, முழு அகலத்துக்கும் மடக்குக் கதவு போட்டோம். திறந்தால் ஹாலும் போர்ச்சும் ஒன்றாகிவிடும். தீபாவளிக்கும் ஆகும், நிச்சயதார்த்தத்துக்கும் ஆகும், பாட்டி கேட்டதற்கும் ஆகும்.

இன்னொரு பெரிய தொல்லை வெளிச்சம். 1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட உபவிதிகள், குடியிருக்கும் அறையின் தரைப்பரப்பில் ஜன்னல் 10 விழுக்காடாவது இருக்க வேண்டும், காற்று வரத் திறக்கும் பகுதி 5 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கின்றன. வரிசை வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் ஜன்னல். பின்பக்கத்தை எல்லைச் சுவர்வரை கட்டி அடைத்தால், பழைய சமையலறையும் பின்னறையும் நடுப்பகல் 12 மணிக்கு விளக்குப் போடும் அறைகளாகிவிடும். அதனால் நடுவில் ஆறடிக்கு ஆறடியாவது ஒரு முற்றம் விடச் சொல்லிக் கெஞ்சுவேன். "காசு கொடுத்து வாங்குன இடத்துல மழை பெய்யணுமா?" என்பார்கள். விட்டவர்கள் யாரும் பிறகு அதை மூடவில்லை.

தோஷியிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வந்த பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், தோஷியின் சொந்த அலுவலகமான சங்காத்தைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி வளைகூரை போட்டு ஒரு வீடு வரைந்து காட்டினான். 1980இல் முடிந்த கட்டடம் அது. பாதி தரைக்குள் இறங்கியிருக்கும், கூரைமேல் வெள்ளை ஓட்டுச்சில் பதித்து வெயிலைத் திருப்பி அனுப்பும், அகமதாபாத்தின் வறண்ட சூட்டுக்கு அருமையான பதில். பேராக்கில் பிற்பகல் மழை வாளி வாளியாகக் கொட்டும். தரைக்குள் இறக்கினால் குளம். வெள்ளை ஓடு சில வருடத்தில் பாசி பிடித்துக் கறுக்கும். நமக்குச் சரிந்த கூரையும் நாலடி வெளியே நீளும் தாழ்வாரமும் வேண்டும். அவன் முகம் வாடியது. "அவர் தம் குருவையே காப்பியடிக்கலையே, நீ ஏன் அவரைக் காப்பியடிக்கணும்?" என்றேன். கோர்புசியரின் வெறும் கான்கிரீட்டிலிருந்து தொடங்கி, மண்ணுக்குள் பாதி புதைந்த அந்த வளைகூரைக்கு வந்து சேர தோஷிக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

ஆசிரியராக அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 1962இல் அகமதாபாத்தில் கட்டடக் கலைப் பள்ளியைத் தொடங்கி, முதல் பத்து வருடம் அவரே நடத்தினார். இன்றைக்கு செப்ட் பல்கலைக்கழகமாக வளர்ந்திருப்பது அதுதான். அதன் கட்டடத்தையும் அவரே வரைந்தார். செங்கல் சுவர்களுக்கு நடுவே திறந்த கூடங்கள், வடக்கு வெளிச்சம், கீழே காற்று ஓடும் வெற்றிடம். ஒரு வகுப்பு செய்வதை இன்னொரு வகுப்பு நின்று பார்க்கலாம். முதலாண்டு பிள்ளை இறுதியாண்டு அண்ணனின் மேசையை எட்டிப் பார்த்தே பாதிப் பாடத்தைக் கற்றுக்கொள்ளும். சங்காத்திலும் புல் முளைத்த படிகள் உண்டு. மாணவர்களும் விருந்தினர்களும் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். அவர் மாணவனிடமும் முடிக்காமல்தான் விட்டார். மேடையும் குழாயும் கொடுத்தார், மிச்சத்தை அவன் கட்டிக்கொண்டான்.

எங்கள் அலுவலகத்தில் புல்படி எல்லாம் இல்லை. ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம் கணினி கிடையாது. ஒரு வீட்டுக்கு அனுப்புவேன், வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து, செருப்பு எங்கே கழற்றுகிறார்கள், வெயில் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு விழுகிறது, சாமி விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, பாட்டி எந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று குறித்துவர வேண்டும். போரடிக்குது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். திரும்பி வந்தால் பேச்சு நிற்காது.

போன வருடம் வந்த மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியால் எங்கள் வேலையே கொஞ்சம் மாறிவிட்டது. "அண்ணே, எப்படியும் பத்து வருஷத்துல இன்னொரு தடவை இடிக்கத்தான் போறாங்க. எதை இடிக்கலாம்னு நாமளே சொல்லிட்டா என்ன?" என்றாள். அதிலிருந்து பிளானோடு கூட ஒரு தாள் வரைந்து கொடுக்கிறோம். பச்சைக் கோடு போட்ட சுவர் வெறும் அடைப்பு, இடிக்கலாம். சிவப்புக் கோடு தொடவே கூடாது: பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர், தூண், உத்தரம். பழைய வீடு மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பைலிங் தூண்கள்மேல் நிற்கிறது, புது நீட்டிப்பு வெறும் மண்மேல் நிற்கிறது, இரண்டும் ஒரே மாதிரி இறங்காது, ஆகவே இந்த இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறோம், சிமெண்டு பூசி மூடிவிடாதீர்கள் என்றும் எழுதியிருக்கும். மேலே மாடி வரலாம் என்றால் எந்தத் தூண் அதைத் தாங்கும் என்பதும் இருக்கும். பேராக்கில் பழைய ஈய லம்பத்தை, அதாவது ஈயச் சுரங்கக் குழியை நிரப்பி வீடு கட்டிய இடங்கள் பல உண்டு. அங்கே இந்த இடைவெளி இல்லாத வீடுகளின் விரிசலுக்குள் விரலே நுழையும்.

இப்போது ஆட்கள் அந்தத் தாளைக் கேட்டே வருகிறார்கள். ஒரே வரிசை வீடுகளுக்கு ஒரே அச்சு என்பதால், ஒருவருக்கு வரைந்தது பக்கத்து வீட்டுக்காரருக்கும் முக்கால்வாசி பொருந்துகிறது. அந்த மாணவி படிப்பை முடித்து எங்களிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஊரின் பழைய தாமான் ஒன்றில் ஒவ்வொரு வகை வீட்டுக்கும் ஒரு தாள் தயார் செய்யும் வேலை அவளுடையது. மூலை வீட்டுக்குத்தான் இன்னும் முடிவாகவில்லை. அங்கே பக்கவாட்டில் பத்தடி நிலம் கூடுதல், திண்ணை வைக்கலாம் என்கிறாள் அவள். காருக்கு வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். இரண்டையும் வரைந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.