போர்த்தோ அலெக்ரேயின் பட்ஜெட்

எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை போடுவது என்பதை அங்கே குடியிருப்பவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். இப்படி மாநகராட்சிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களே முடிவு செய்யும் ‘பங்கேற்பு பட்ஜெட்’ முறையைப் பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே மாநகராட்சி 1989இல் தொடங்கியது. அப்புறம் நகரை 16 வட்டாரங்களாகப் பிரித்துக் கூட்டம் போட்டார்கள். ஏழைகளும் பெண்களும் திரளாக வந்து பேசினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பணத்தைப் பங்கு போட்ட முறைதான். மக்கள்தொகை எவ்வளவு என்பதோடு நிற்கவில்லை. குடிநீர்க் குழாய், சாக்கடை, தார்ச்சாலை எங்கே இல்லையோ அந்த வட்டாரத்துக்குக் கூடுதல் மதிப்பெண். போன வருடம் சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று அதே மக்கள் முன்னால் அதிகாரிகள் கணக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது. இதுதான் உண்மையான அதிகாரம்!

2017இல் இதை நிறுத்தி வைத்தார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.