கடைசிப் பேரரசனும் ஓர் ஏமாற்றமும்

2007இல் வெளிவந்த 'தி லாஸ்ட் லீஜியன்' படத்தை நேற்றிரவு பார்த்து முடித்தேன். காலின் ஃபிர்த், பென் கிங்ஸ்லி, ஐஸ்வர்யா ராய் என்று பெரிய பெயர்கள் இருந்தும் படம் சப்பென்று போனதற்குக் காரணம், கையில் இருந்த வரலாற்றை அவர்கள் நம்பாததுதான் என்று தோன்றுகிறது.

கி.பி. 476இல் ஒடோவாக்கர் என்ற படைத்தலைவர், மேற்கு ரோமப் பேரரசின் கடைசிப் பேரரசனான ரோமுலஸ் அகஸ்துலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கியபோது, அவனுடைய தந்தை ஒரெஸ்டிஸைக் கொன்றாரே தவிர, பையனின் இளவயதுக்கு இரங்கி, 6,000 பொற்காசு வருமானமும் ஒதுக்கி, தென் இத்தாலியின் காம்பானியாவுக்கு உறவினர்களோடு வாழ அனுப்பிவைத்தார். கொல்லும் அளவுக்குக்கூடப் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு பேரரசன்! இதைவிடத் துயரமான காட்சி வேறென்ன வேண்டும்?

படமோ அவனைக் காப்ரித் தீவில் சிறைவைத்து, அங்கே ஜூலியஸ் சீசரின் வாளைக் கண்டெடுக்க வைத்து, பிரிட்டனில் ஹேட்ரியன் சுவர் வரை ஓட வைக்கிறது. அக்காலத்தில் மேற்கு ரோமப் பேரரசின் அரசவை ரோமில் அல்ல, சதுப்பு நிலம் சூழ்ந்த ரவென்னாவில் இருந்தது என்பதெல்லாம் யாருக்கும் கவலையில்லை.

ஐஸ்வர்யா ராய் கேரளத்துப் போர்வீராங்கனையாக வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். மிளகுக்காக முசிறிக்கு யவனக் கப்பல்கள் வந்த கதை நமக்குத் தெரிந்ததுதானே. வாள் சுழற்றுவதையும் காதலிப்பதையும் தவிர அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

கடைசியில் அந்த வாள் ஒரு கல்லில் போய்ச் செருகிக்கொள்ள, எல்லாம் கல்லிலிருந்து வாளை உருவிய பிரிட்டனின் ஆர்தர் மன்னன் கதைக்கு முன்னுரையாகிவிடுகிறது. நான் பார்க்க உட்கார்ந்தது ரோமாபுரியை.