வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் ஒரே கூரை

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்கட்டும், அழகான சுவர்கள்தான். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் அந்த வாசல்களைத் தாண்டி உள்ளே போனதும் என் கண் கூரைக்குத்தான் போகும். கூரையைப் பார்த்துவிட்டால் வீடு இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அங்கே இருப்பது மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாக்காகச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது. ஒரு கல் பிடித்ததும் அடுத்த கல். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே பரப்பி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாப்புளியால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்க இறுகும். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். இரும்பும் சிமெண்டும் இல்லாத இந்தக் கூரை, அதன்மேல் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும்.

கவர்னருக்கு வேலை செய்தவர் வீடானாலும் செட்டியார் வீடானாலும், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஆனாலும் மேற்கே ஆனாலும், கூரை இதுதான். நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி என்று ஊரைப் பிரித்துப் பேசுகிறோம். கட்டட வேலையில் அந்தப் பிரிவினை அவ்வளவு தெளிவாகக் கிடையாது.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிலைநாட்டினார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக நேராக ஓடும் இன்றைய வீதிகளுக்கு அவர்கள் போட்ட வரைபடத்திலேயே அடித்தளம் இருக்கிறது. 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு அதே வீதிக் கோடுகளின் மேல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். ஆக, இன்று நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. வரைபடமும் வளைவும் ஜோடித் தூண்களும் பிரெஞ்சு. செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாய், கொத்தனாரின் கரணை, தச்சரின் உளி எல்லாம் இந்த மண்ணின் சொத்து.

இது நன்றாகப் புரிய வேண்டுமானால் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைப் பாருங்கள். பிரெஞ்சு கவர்னர் தியூப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய அதே பிள்ளைதான். 1761-இன் அழிவுக்குத் தப்பிய வீடு அது. கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள், நம் வீடுகளில் இருப்பது போலவே. நிமிர்ந்து பார்த்தால் மேல்தளத்தில் கனத்த செங்கல் தூண்கள், பிரெஞ்சு முறையில். ஒரே மனிதர், ஒரே முற்றம். அவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த மாதிரி வீடுகள் வாய்க்காலுக்கு மேற்கே வீதி வீதியாக இருந்தன. கீழே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண். மேலே வளைவு ஜன்னல், சட்டக் கதவு, கைப்பிடிச் சுவர். என்னைக் கேட்டால் கிழக்கே ஒயிட் டவுன் என்கிற பிரெஞ்சுப் பகுதி வீடுகளை விட இவைதான் அரிதானவை. வைசியாள் வீதியில் ஒரு பகுதியை முகப்பு முகப்பாகச் சீரமைத்தார்கள், 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஆனால் அதற்கு அடுத்தடுத்த வீதிகளில் நடந்தால் பத்தடிக்கு ஒரு கான்கிரீட் பெட்டி. கிழக்கே இருப்பவை ஓட்டலாக மாறியாவது பிழைத்துக்கொள்கின்றன. உள்ளே ஏசி குழாய்க்காகச் சுவரைக் குடைவது எனக்கு வலிக்கும், என்றாலும் இடிப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. மேற்கே அந்த வருமானமும் இல்லை. சொத்துக்கு ஏழெட்டுப் பங்காளிகள், பாதிப் பேர் பிரான்சில். யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள், யாரும் ஓட்டை அடைக்கவும் மாட்டார்கள்.

பழசானதால் இடிந்தது என்று சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கடற்கரைச் சாலையில் 1870-களிலிருந்து நின்ற மேரி (பிரெஞ்சில் நகராட்சி மன்றம்) கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. ஊரின் நகராட்சி அங்கேதான் நடந்தது. எத்தனை பேருடைய பிறப்பும் கல்யாணமும் அங்கே பதிவானவை! பல வருஷம் பராமரிப்பில்லாமல் கிடந்த கட்டடம் அது. பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் விழுந்த செங்கலும் அதைப் பூசிய கைவேலையும் போனது போனதுதான்.

தண்ணீருக்கு அடுத்த எதிரி சிமெண்ட். போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். சில வருஷம் முன்னால் யாரோ சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு, 'பலமாக இருக்கட்டும்' என்று சிமெண்ட் பூசியிருந்தார்கள். விரல் முட்டியால் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம். ஓரத்தில் நெம்பியதும் பூச்சு அப்பளம் மாதிரி ஒரே தகடாகக் கழன்று வந்தது. பின்னால் செங்கல் இருந்த இடத்தில் உள்ளங்கை நிறையச் சிவப்புத் தூள், நடுவே வெள்ளையாக உப்பு. பழைய செங்கல் மிருதுவானது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும், உப்புக் காற்று ஊரில் சுவர்கள் பிழைத்ததே அப்படித்தான். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே மாட்டிய உப்பு செங்கல்லைத் தின்ன ஆரம்பிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே சுவர் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும்.

நல்ல சுண்ணாம்புப் பூச்சு எப்படி இருக்கும் என்று பார்க்க துய்மா வீதியில் கப்ஸ் கோயில் என்கிற மாதா தேவாலயத்துக்குப் போகலாம். 1855-இல் கட்டியது. முட்டை வெள்ளைக்கரு கலந்து அரைத்த பூச்சு என்பார்கள். அந்தச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள், வழவழப்பும் குளிர்ச்சியும் எந்தப் பெயிண்டிலும் வராது.

இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். குறைவு, வயதானவர்கள், ஆனால் இருக்கிறார்கள். வேலை கொடுத்தால்தான் பக்கத்தில் ஒரு பையனை வைத்துக் கற்றுக்கொடுப்பார்கள்.

உங்கள் குடும்பத்தில் இப்படியொரு வீடு பூட்டிக் கிடந்தால், பங்கு பிரிப்பது அப்புறம் நடக்கட்டும். ஐப்பசிக்கு முன்னால் ஒருவர் மொட்டைமாடி ஏறுங்கள். தண்ணீர் போகும் தூம்பில் அடைத்த சருகை எடுங்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால், அதை வெட்டாமல், வேர் கட்டைக்குள் இறங்குவதற்குள் முழுசாகப் பிடுங்கச் சொல்லுங்கள். விரிசலைச் சுண்ணாம்பால் அடையுங்கள். யாராவது சிமெண்ட் மூட்டையோடு படி ஏறினால் திருப்பி அனுப்புங்கள்.