ஆத்துக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்
கால்பந்தில் அர்ஜென்டினா என்றாலே பிரேசிலோடு மோதுவதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ உருகுவேயோடு இருக்கும் பங்காளிச் சண்டைதான் பிடிக்கும். நடுவில் ரியோ தெ லா பிளாட்டா ஆறு, இக்கரையில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ், அக்கரையில் உருகுவேயின் மாண்டிவீடியோ.

1930, மாண்டிவீடியோவில் முதல் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, மோதியது இந்த இரண்டு பேரும்தான். புவெனஸ் ஐரிஸிலிருந்து படகு படகாக ஆட்கள் கிளம்பிப் போனார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தகராறு, யாருடைய பந்தில் ஆடுவது என்று! தெருவில் பசங்கள் போடும் அதே சண்டை. கடைசியில் முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதிக்கு உருகுவே பந்து. இடைவேளையில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலை. பந்து மாறியது, ஆட்டமும் மாறியது. உருகுவே 4-2. நான்காவது கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் ஹெக்டர் காஸ்ட்ரோ. சிறு வயதில் மின்ரம்பத்தில் வலது முன்கையை இழந்தவர்.

அப்புறம் இன்னொன்று. மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் கார்னர் கிக் நேராகக் கோலுக்குள் போனால் 'ஒலிம்பிக் கோல்' என்கிறோம் இல்லையா? அந்தப் பெயரும் இந்தச் சண்டையில் பிறந்ததுதான். 1924இல் ஒலிம்பிக் தங்கத்தோடு ஊர் திரும்பிய உருகுவேக்கு எதிராக அர்ஜென்டினாவின் ஒன்சாரி அப்படி ஒரு கோல் போட்டார். சாம்பியனைச் சீண்டுவதற்காக வைத்த பெயர், நூறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்காவில் இப்போது அர்ஜென்டினாவிடம் 16 கோப்பை, உருகுவேயிடம் 15. உருகுவேயின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான் சாமி!