மயக்க மருந்துக்கு முன் நான் கேட்கும் ஒரு கேள்வி

அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒவ்வாமை எல்லாம் விசாரித்த பிறகு, "உங்கள் இரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது உயிருக்கு ஆபத்து வந்ததுண்டா?" என்றும் மயக்கவியல் மருத்துவர்கள் கேட்போம். இதைச் சடங்காக எண்ணி யாரும் கடந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

மெல்பர்ன் நகரில் கால் எலும்பு முறிந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர், முறிவைவிட மயக்க மருந்துக்கே அதிகம் அஞ்சினார். ஈதர் என்ற பழைய மயக்க மருந்தைக் கொடுத்தபோது அவருடைய உறவினர் 10 பேர் இறந்திருந்தனர். ஈதரைத் தவிர்த்து, அன்று புதிதாக இருந்த ஹாலோத்தேனைக் கொடுத்தும் அவர் உடல் கொதித்தது. மருந்தை நிறுத்தி, பனிக்கட்டியால் குளிர்வித்து அவரைக் காப்பாற்றினார்கள். மருத்துவர்கள் டென்பரோவும் லவலும் 1960இல் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பதிவு செய்தனர். இந்த ஆபத்துக்கு மலிக்னன்ட் ஹைபர்தெர்மியா என்று பெயர்.

தசைச் செல்லுக்குள் தேங்கியிருக்கும் கால்சியத்தை அளவாகத் திறந்துவிடும் மதகு போன்ற புரதம் ஒன்று உண்டு. அதற்குரிய ஆர்ஒய்ஆர்1 மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு ஹாலோத்தேன், செவோஃப்ளுரேன் போன்ற வாயு மயக்க மருந்துகளோ, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தோ சேர்ந்தால், அந்த மதகு மூடாமலே நின்றுவிடுகிறது. தசைகள் ஓயாமல் இறுகி, ஆற்றலை எரித்து, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் பெருக்குகின்றன. வெளிமூச்சில் கரியமில வாயு ஏறுவதே பெரும்பாலும் முதல் அடையாளம், காய்ச்சல் பிந்தியும் வரலாம். பிறகு செல்கள் சிதைந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் இரத்தத்தில் கலக்க, முன்னது இதயத்தை நிறுத்தக்கூடும். பின்னது சிறுநீரைக் கறுக்கச் செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதற்கு மருந்து டான்ட்ரோலீன். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்றால், 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணைக்கே 20 மில்லிகிராம் குப்பிகள் 9 வேண்டும். பழைய வகையில் ஒவ்வொன்றையும் 60 மில்லி நீரில் கரைக்க வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் எத்தனை கைகள் இருந்தாலும் போதாது.

டுஷேன் தசைச்சிதைவு நோயுள்ள சிறுவர்களுக்கு மரபணு வேறு, ஆபத்து ஏறத்தாழ இதே. நோய் இன்னும் வெளிப்படாத சிறுவனுக்கு சக்சினைல்கோலின் போட்டால் பொட்டாசியம் திடீரென உயர்ந்து இதயம் நின்றுவிடலாம். ஆகவே பிள்ளை தாமதமாக நடந்தான், தொடையில் கை ஊன்றித்தான் எழுகிறான் என்பதைப் பெற்றோர் அவசியம் சொல்ல வேண்டும்.

நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. "சித்தப்பா ஆபரேஷன் மேசையிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார்" என்று சொன்னாலே, வாயு மருந்துகளை விலக்கி, இரத்தநாளத்தில் ஏற்றும் புரோப்போஃபால் என்ற மயக்க மருந்து வழியாகவோ முதுகுத்தண்டு ஊசி வழியாகவோ அறுவையை நடத்தத் திட்டமிடுவோம்.