ஆறு படியும் ஒரு தையல் டேப்பும்

திருநெல்வேலியில் எங்கள் பகுதி அலுவலகத்துக்கு முன்னால் ஒரே ஒரு படிதான் இருந்தது. சக்கர நாற்காலியோடு என்னை ஏற்றிவிட எதிர்க்கடை அண்ணாச்சி ஒருவரே போதும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உள்ளே இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்புறம் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுத் தரையை உயர்த்திப் புதிதாகக் கட்டினார்கள். இப்போது ஆறு படி. சாய்தளம் இல்லை.

போன மாதம் ஒரு சான்றுக்காகப் போனவள் கீழேயே நின்றேன். அலுவலர் இறங்கி வந்து மரியாதையாகத்தான் பேசினார். "வெள்ளம் வர்ற இடம்மா, உசரமாத்தான் கட்டணும். இந்த உசரத்துக்குச் சாய்தளம் போட இடம் எங்க இருக்கு? நீங்க ஏன் அலையுதீங்க, வீட்ல யாரையாச்சும் அனுப்புங்க." கையெழுத்து நான்தான் போட வேண்டும். அதற்காகப் பேரேட்டை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வெயிலில், தெருவில் போகிறவர்கள் பார்க்க, மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உயரம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. டிசம்பர் 17 ஞாயிறு முழுக்க விடாத மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததாகப் பிறகு படித்தோம். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி ஆறு மூழ்கடிப்பது நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்தது. ஆனால் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையே தண்ணீர் சூழும் என்று யார் நினைத்தார்கள்? எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது என் மைனியும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி எதிர்மாடிக்குக் கொண்டுபோனார்கள். தையல் மெஷின் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்துகிறவரிடம் நான் ஏன் கோபப்படப்போகிறேன்? உயர்த்தினால் சாய்தளம் முடியாது என்ற பேச்சுதான் தப்பு.

மறுவாரம் மைனியைக் கூட்டிக்கொண்டு தையல் டேப்போடு போனேன். ஒரு படி 6 அங்குலம்; ஆறு படிக்கு 3 அடி. சாய்தளக் கணக்கு 1:12. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்று அர்த்தம். 3 அடிக்கு 36 அடி. முன்வாசலில் சுவரோரம் இருப்பது 28 அடிதான். நேராகப் போட முடியாது, அவர் சொன்னது அந்த மட்டுக்கும் சரி. ஆனால் 18 அடி ஏறி, 5 அடிக்கு ஒரு சமதளம், அங்கே திரும்பி இன்னொரு 18 அடி ஏறினால்? 23 அடிக்குள் முடிந்துவிடுகிறது. அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. இதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். பிளவுஸ் வெட்டுகிறவளுக்கு இது பெரிய கணக்கில்லை. வரைபடம் போட்ட அன்றைக்கே யாராவது இதை யோசித்திருக்கலாமே என்பதுதான் மனசை அறுக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதில் தெளிவாக இருக்கிறது. பிரிவு 44-இன்படி, அணுகல் விதிகளுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோவதற்கான விதிகளுக்கு, ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்ட அனுமதியே தரக்கூடாது. கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்று தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற, 2017 ஜூனில் விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு தந்தார்கள். அதுவும் முடிந்துபோன கெடு. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்றே தீர்ப்புச் சொன்னது.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளம் போய் மனு கொடுத்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: "சாய்தளம் வேண்டும்" என்று ஒரு வரியில் எழுதிக் கொடுக்காதீர்கள். படி எத்தனை, உயரம் எவ்வளவு, எந்தத் தேதியில் எந்த வேலைக்குப் போய் ஏற முடியாமல் நின்றீர்கள், எல்லாம் எழுதுங்கள். போட்டோ ஒட்டுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

அதே நாளில் இரண்டாவதாக ஒரு மனுவும் கொடுத்தேன். அதே சட்டத்தின் பிரிவு 8, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வெள்ளம் வந்தபோது எனக்கு ஆபத்தைச் சொன்னது பக்கத்து வீட்டுப் பையன்தான். அந்தப் பதிவில் என் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் சேருங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆற்றோரம் இருக்கிற எல்லா மாற்றுத்திறனாளிகளும் இதைக் கேட்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கேட்க வேண்டும்.

முதல் மனுவுக்குப் பொறியாளர் ஒருவர் வந்தார். என் தாளை வாங்கிப் பார்த்து, டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, "வரும்மா, போடலாம்" என்றார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை. வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்ப அடுத்த மனுவை எழுதி வைத்திருக்கிறேன். அவர் பரிந்துரை செய்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அந்தத் துறை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மனு மெஷின் டிராயரில் இருக்கிறது, தேதி மட்டும் போடவில்லை.