வெளிறிய குஞ்சுகள்: ஆடி மாதக் குறிப்புகள்

2025 ஜூலை 21, திங்கள், கோவை

நேற்று மாலையே ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டு, நடுவில் தடுப்பு வைத்துவிட்டுப் போயிருந்தேன். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தேன். ஜீப்ரா மீனுக்கு விடியல்தான் முகூர்த்தம். ஐந்து ஜோடிகளில் இரண்டுதான் மனது வைத்தன. நல்ல முட்டையாகப் பொறுக்கியதில் 84 தேறியது.

தாய் தகப்பன் மீன்கள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதவை. ஆனால் ஒவ்வொன்றிலும் காட்டா-1 மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று பழுது. இரண்டும் பழுதாக வந்து சேரும் குஞ்சுக்கு இரத்தம் சிவக்காது. கணக்குப்படி நாலில் ஒரு பங்கு. அந்தக் கால்பங்கை நம்பித்தான் என் முனைவர் பட்டம் ஓடுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

பதினொரு மணிக்கு நுண்ணோக்கியில் வைத்தேன். கரு கண்ணாடி மாதிரி, உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். இதயம் துடிக்கிறது. ஆனால் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்று இரண்டல்ல, 84-ம் அப்படித்தான். கருவுற்று 24 மணி நேரத்தை ஒட்டி இரத்த ஓட்டம் தொடங்கிவிட வேண்டும். இவற்றுக்கு 26 ஆகிவிட்டது.

புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று என் கைடு மேடத்திடம் ஓடினேன். “எல்லாமே எப்படிம்மா வெளிறும்? மெண்டல் உனக்கு மட்டும் தனிக் கணக்குப் போட்டாரா? முதலில் வெப்பநிலையைப் பார்” என்றார்.

பார்த்தேன். ராத்திரி ஆடிக்காற்றில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்து, பதினொன்றிலிருந்து விடியும் வரை மின்சாரம் இல்லையாம். ஃப்ரீசருக்கு யுபிஎஸ் உண்டு, முட்டைகள் இருந்த இன்குபேட்டருக்கு இல்லை. 28.5 டிகிரியில் 24 மணி நேரத்தில் எட்டும் வளர்ச்சி, 25 டிகிரியில் கிட்டத்தட்ட 30 மணி நேரம் இழுக்கும். மூன்று மணிக்கு மறுபடி பார்த்தபோது பலவற்றில் வாலோரம் இரத்தம் மணிமணியாக ஓடத் தொடங்கியிருந்தது. மேடத்திடம் போய்ச் சொல்லவில்லை. அவரே தெரிந்துகொள்ளட்டும்.

ஜூலை 23, புதன்

ஹீமோகுளோபினைக் காட்டும் சாயம் போட்டேன். 62 சிவந்தன, 19 வெளிறின, மூன்று செத்துவிட்டன.

இரத்தமில்லாத அந்த 19-ம் நேற்றுவரை வாலாட்டிக்கொண்டுதான் இருந்தன. கரு அவ்வளவு சிறியது; தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் தோல் வழியே ஊறிவிடுகிறது. சில நாள் அதுவே போதும். எலியில் இதே மரபணு போனால் கரு தாய் வயிற்றிலேயே இறந்துவிடும், பார்க்க நேரமே கிடைக்காது. இரத்தம் உருவாவதைப் படிக்க இந்தச் சின்ன மீனைப் பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு பெரிய காரணம். இதே குறையுள்ள ஒரு மீன் வகைக்கு, ‘டிராகுலா’ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விளாட் டெபெஷ் மன்னனின் பெயரை வைத்தார்கள். குற்றவாளி காட்டா-1 என்று 2002-இல் தெரிந்தது. இரத்தம் குறைந்த மற்ற மீன்கள் பலவற்றுக்கு ஷாப்லி, கியான்டி, சொட்டெர்ன் என்று ஒயின் பெயர்கள். பெயர் வைத்த நாளில் ஆய்வகத்தில் என்ன விசேஷமோ.

ஜூலை 27, ஞாயிறு, சென்னிமலை

தறிக்காரரான அப்புச்சி, அம்மாவின் அப்பா, கேட்டார்: “ஏங்கண்ணு, மீனுக்கு ரத்தமெல்லாம் உண்டா?”

“உண்டுங்க அப்புச்சி. நம்மளுக்கு எலும்புக்குள்ள ஊறுது, வளர்ந்த மீனுக்குச் சிறுநீரகத்துல ஊறுதுங்க.”

எந்த மரபணு வேலை செய்யவேண்டும் என்று முடிவுசெய்யும் புரதமான டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரை அவருக்கு எப்படிச் சொல்வது? எதிரிலேயே, துணியில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி தறிமேல் தொங்கியது. எல்லாச் செல்லிலும் ஒரே பாவுதான், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் மாதிரி ஒரே மரபணுத் தொகுதி. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்து நூல் தூக்கும், இல்லாத இடத்து நூல் கீழேயே கிடக்கும். காட்டா-1 அப்படியொரு அட்டை, சிவப்பணுவுக்கான நூல்களைத் தூக்குவது. அந்த அட்டை கெட்டதால் இரத்தம் நெய்யாமல் நின்றுவிட்டது என்று முடித்தேன்.

அப்புச்சி ஒப்பவில்லை. “அட்டை மாறிப்போனா துணி எங்க நிக்குது? வேற பூவல்ல உழுகும்.”

நாலு வருசம் படித்தவள் நான். அவர் சொன்னதுதான் சரி. காட்டா-1 சும்மா இருப்பதில்லை; பியூ.1 என்ற இன்னொரு காரணியை அமுக்கி வைத்திருக்கிறது. பியூ.1 வெள்ளையணுப் பக்கம் இழுப்பது. அதுவும் காட்டா-1-ஐ அமுக்கும். காட்டா-1 இல்லாவிட்டால் சிவப்பணுவாக வேண்டிய செல்கள் வெள்ளையணு வழியில் திரும்பிவிடுகின்றன என்று 2005-இல் மீன் கருவில் காட்டினார்கள். பியூ.1-ஐக் குறைத்தால் கருவின் தலைப்பக்கம் இதற்கு எதிராக, வெள்ளையணுவாக வேண்டியவை சிவப்பணு வழியில் திரும்புகின்றன.

ஒன்றில் மட்டும் தறி உதவாது. அட்டைகள் ஒன்றையொன்று அழுத்துவதில்லை, இங்கே அழுத்துகின்றன. அட்டையும் இதே பாவிலிருந்துதான் நெய்யப்படுகிறது. அப்போது முதல் அட்டையை யார் போட்டது? குளோஷ் என்ற ஜீப்ரா மீன் வகையில் இரத்தமும் இல்லை, இரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களும் பெரும்பாலும் இல்லை. இதயம் மணி வடிவில் வீங்கியிருக்கும். பிரெஞ்சில் குளோஷ் என்றால் மணி. 1995-இல் விவரித்த அந்த மீனில் கெட்டுப்போன மரபணு என்பிஏஎஸ்4எல் என்று பிடிபட 2016 ஆனது. அதுவும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்தான், இன்னோர் அட்டை. என் கைடு பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அப்புச்சியின் பூவைத் தேடிப் புதிதாக ஒரு தொகுதி. இன்குபேட்டருக்கு யுபிஎஸ் போட்டாயிற்று. இரத்தம் ஓடும் முன்பே, 24 மணி நேரத்தில் நிறுத்திவிட்டதால் எது வெளிறல் என்று பிரிக்க வழியில்லை. மொத்தமாக, வெள்ளையணுவை அடையாளம் காட்டும் மரபணு எங்கே இயங்குகிறது என்று பார்க்கச் சாயம் ஏற்றினேன். மூன்று நாள் வேலை. இன்று பார்த்தால் சிலவற்றில், சிவப்பணு குவிய வேண்டிய உடல் நடுவே ஊதாப் புள்ளிகள். எண்ணிக்கை ஏறக்குறைய கால்பங்கு. இரண்டு கருக்கள் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. டிஎன்ஏ பார்த்துத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

பவானி கூடுதுறையில் கூட்டம். அம்மாவும் சித்தியும் மஞ்சளோடு இறங்கினார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து அப்புச்சிக்குப் போனில் படம் காட்டினேன். விரித்து விரித்துப் பார்த்தார்.

“இந்த ஊதா மீனோட நெறமா, நீங்க போட்டதா?”

“நாங்க ஏத்துனதுங்க.”

“அதக் கேட்டேன். சாயம் வழிஞ்சு எறங்கலைன்னு எப்படிச் சொல்றே?”

செவ்வாய்க்கிழமை, வேறு மரபணுவின் சாயத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.